ஏனென்று கேட்காத பெஞ்சு

அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் ஒரு குரு கிடைத்தார். குருவுக்கு வயது முப்பத்தைந்து. பெயர் செல்லக்கனி.

ராணுவ வண்டிகளின் எஞ்சினைப் பிரித்து மாட்டியே காலத்தைக் கழித்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர் அருளப்பன். ஆரல்வாய்மொழிப் பக்கம், காற்றாலைகள் சுற்றும் பொட்டலில் இருந்த ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. முதல் வாரமே திணறிப்போனார். அவர் சொன்னது எஞ்சினுக்குப் புரிந்தது. பையன்களுக்குப் புரியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

பக்கத்துப் பட்டறையில் செல்லக்கனி குரலை உயர்த்தாமலே, இரும்பைக் கடைகிற லேத் வேலை சொல்லித் தந்துகொண்டிருந்தார். அருளப்பன் ஒருநாள் அங்கே போய் விறைப்பாக நின்றார்.

"டீச்சர், சொல்லிக்குடுக்கிறது எப்படின்னு எனக்குச் சொல்லிக்குடுங்க."

"எனக்கு லேத்துதான் சார் சொல்லிக்குடுக்கத் தெரியும்."

"அப்ப அதைப் பக்கத்துல நின்னு பாத்துக்கிடுதேன்."

செல்லக்கனி சிரித்துவிட்டார். அன்றிலிருந்து தன் வகுப்பு முடிந்ததும் அருளப்பன் அந்தப் பட்டறைக்கு வந்துவிடுவார். ஊரெல்லாம் அவரை மேடம் என்று கூப்பிட, இவர் மட்டும் டீச்சர் என்றே கூப்பிட்டார். யாராவது கேட்டால், "நான் அவங்க சிஷ்யன்லா" என்பார் பெருமையாக.

அந்த வருஷம் நிலையத்தின் முதல்வர் போதைத் தடுப்புக் குழு ஒன்றை அமைத்து, அருளப்பனைத் தலைவராகப் போட்டார். மிடுக்கான ஆள் என்று நினைத்திருப்பார். அருளப்பன் மறுநாளே எல்லாப் பையன்களையும் மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி எடுக்க வைத்தார். பையன்கள் மலை எதிரொலிக்கிற மாதிரி கத்தினார்கள். அருளப்பனுக்குப் புல்லரித்துவிட்டது.

அன்று சாயங்காலமே கழிப்பறைக்குப் பின்னால் காலி மாத்திரை அட்டைகளைக் கண்டெடுத்தார். வலிக்குப் போடுகிற மாத்திரைதான். ஆனால் இத்தனை பேருக்கு எங்கே வலிக்கிறது?

அட்டைகளைக் கைக்குட்டையில் பொதிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் பட்டறைக்கு வந்தார்.

"டீச்சர்! மாட்டிக்கிட்டானுவ! நாளைக்குக் காலையில எல்லாப் பையையும் கொட்டிருதேன். அட்டை வச்சிருக்கவன் எவனோ, அவனை நடு மைதானத்துல நிறுத்தி…"

"நிறுத்தி?"

"மத்தவனுக்குப் பயம் வரும்லா?"

"வரும் சார். அட்டையை இன்னும் நல்லா ஒளிச்சு வைப்பான்."

அருளப்பன் அடங்கவில்லை. "அப்ப எவன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? அதையாவது சொல்லுங்க."

செல்லக்கனி அலமாரியிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் எடுத்தார். ஏணியைச் சுவரோரம் சாய்த்து ஏறினார்.

லேத் ஒவ்வொன்றிலும் ஆபத்து நேரத்தில் நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அவற்றுக்கு நேர் மேலே, சுவரில் பெரிய எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. 'தக்க காரணமின்றிச் சிவப்புப் பொத்தானை அழுத்துபவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.' செல்லக்கனி அதன் மேல் வெள்ளை அடிக்க ஆரம்பித்தார்.

அருளப்பன் ஏணியைப் பிடித்துக்கொண்டார். "டீச்சர், நான் மாத்திரையைப் பத்திக் கேட்டேன்."

"தெரியுது சார். ஒண்ணு கேக்கேன். ராணுவத்துல உங்க ஆளுக யாராவது உங்ககிட்ட வந்து, 'இன்னைக்கு எனக்குக் கை நடுங்குது'ன்னு சொன்னதுண்டா?"

"ஒருத்தன் சொன்னதில்ல. சொன்னா சும்மா விட்டிருப்பேனா?"

செல்லக்கனி குனிந்து அவரை ஒருதரம் பார்த்தார். பிறகு 'நடவடிக்கை' என்ற சொல்லின் மேல் பிரஷை இழுத்தார்.

மறுநாள் காலை அவர் பையன்களிடம் சொன்னார்:

"உடம்போ மனசோ சரியில்லாதவன் மெஷினைத் தொட வேண்டாம். தொட்டுட்டான்னா, சிவப்பை அமுக்கிட்டு வெளிய போயி சைக்கிள் ஷெட் பெஞ்சுல உக்காரலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். நானும் கேக்க மாட்டேன். அருளப்பன் சாரும் கேக்க மாட்டாரு."

அருளப்பனுக்குக் கசாயம் குடித்த மாதிரி ஆனது முகம்.

பையன்கள் விடுவார்களா? கிடைத்தது திருவிழா. டப் டப்பென்று பொத்தான்கள் அமுங்கின. பட்டறையில் லேத்துகள் ஓய்ந்து நிற்க, பெஞ்சில் பாட்டும் கும்மாளமும் தூள் பறந்தது.

அருளப்பன் மூச்சிரைக்க ஓடி வந்தார். "டீச்சர், பெஞ்சுல இடமில்ல! ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காந்திருக்கான்!"

"வெயிலா இருக்கே சார். தண்ணி குடுத்து விடுங்க."

"தண்ணியா? எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு…"

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேக்கல. கேக்காம நாக்கைக் கடிச்சுக் கடிச்சு புண்ணாப் போச்சு."

"நல்லது. இன்னும் கொஞ்ச நாள் கடிங்க."

கொண்டாட்டம் எத்தனை நாளைக்கு ஓடும்? சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான். அது சீக்கிரம் சலித்துப்போகும். உள்ளே மற்றவன் இரும்பைப் பளபளவென்று கடைந்துகொண்டிருக்க, வெளியே இவனுக்குக் கை துறுதுறுக்கும். ஒவ்வொருவனாக எழுந்து உள்ளே போய்விட்டான். பெஞ்சு காலியானது.

பிறகு ஒருநாள் ஒரே ஒரு பொத்தான் அமுங்கியது. ஜெபசிங் என்ற முதலாண்டுப் பையன். சிரிக்கவில்லை. யாரையும் பார்க்காமல் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

செல்லக்கனி அருளப்பனைப் பார்த்தார். அருளப்பன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். என்னல ஆச்சு என்ற கேள்வி தொண்டைவரை வந்தது. விழுங்கினார். காற்றாலை ஒன்று எதிரே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். பையனும் அதையே பார்த்தான்.

"சார்" என்றான் ஜெபசிங், வெகுநேரம் கழித்து. "பஸ்ஸுக்கு நிக்கும்போது ஒரு அண்ணன் மாத்திரை தாராரு. போட்டா அசதி தெரியாதுன்னாரு. நேத்துப் போட்டேன். இன்னைக்குத் தலை கிறுகிறுன்னு வருது. மெஷின்கிட்ட நிக்கப் பயமா இருக்கு சார்."

அருளப்பன் அவன் முதுகைத் தடவினார். அவ்வளவுதான் செய்தார். தலைசுற்றல் தெளிகிறவரை கூடவே இருந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டி, வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, பட்டறைக்குள் புயலாக வந்தார்.

"சொல்லிட்டான் டீச்சர்! தானாச் சொல்லிட்டான்! நான் வாயே திறக்கல!"

ஊர்த் தேரை இழுத்து நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியவர் மாதிரி அவர் முகம் மின்னியது. உடனே சட்டைக் கையை மடித்தார். "இப்பவே பஸ் ஸ்டாப்புக்குப் போயி அந்த அண்ணன் சட்டையைப் பிடிச்சு…"

"அவனைப் பிடிக்கப் போலீஸ் இருக்கு. முதல்வர்கிட்டச் சொல்லி இன்னைக்கே புகார் குடுப்போம். நாம நம்ம பையன்களைப் பிடிப்போம் சார்."

"எப்படி?"

"பஸ் வர்றவரைக்கும் அவனுக எங்க நிக்கிறானுவ?"

அருளப்பன் யோசித்தார். வகுப்பு முடிவதற்கும் பஸ் வருவதற்கும் நடுவே பையன்கள் அந்தப் பொட்டலில் வெறுமனேதான் நின்றார்கள். அடுத்த நாளே அவர் தன் வீட்டிலிருந்த வாலிபால் வலையைக் கொண்டுவந்து மைதானத்தில் கட்டினார். பந்தாட வராதவனைச் செல்லக்கனி லேத்தில் போட்டிப் பயிற்சிக்கு நிறுத்திக்கொண்டார்.

போட்டி என்றால் மண்டலத் திறன் போட்டி. அந்த வருஷம் அது அவர்கள் பட்டறையிலேயே நடப்பதாக இருந்தது. இதுவரை அவர்கள் கோப்பையைத் தூரத்தில் நின்று பார்த்ததோடு சரி. இந்தத் தடவை கையில் வரும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். காரணம் சுயம்பு.

சுயம்புலிங்கம் இரண்டாமாண்டு. லேத்தில் அவன் கை வைத்தால் இரும்பு வெண்ணெயாகிவிடும். அதிகாலையில் வாழைக்காய்ச் சந்தையில் தார் சுமந்துவிட்டு வந்து, சாயங்காலம் வரை மெஷினைவிட்டு நகரமாட்டான். அவன் கடைந்ததைத் தொட்டுப் பார்க்கவே மற்றப் பையன்கள் கூடுவார்கள்.

போட்டிக்குச் சில நாள் முன்பு செல்லக்கனி கேட்டார்:

"சார், இதுவரைக்கும் ஒருதரம்கூடச் சிவப்பை அமுக்காதவன் யாரு?"

"சுயம்பு!" என்றார் அருளப்பன் சட்டென்று. "விளையாட்டுக்குக்கூட அமுக்கினதில்ல. தங்கம் டீச்சர் அவன்."

செல்லக்கனி, சுயம்பு நின்றிருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் அவனைக் கூப்பிட்டு, "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "சூப்பரா இருக்கேன் மேடம்" என்றான் அவன். மறுநாளும் கேட்டார். அதே பதில்தான் வந்தது.

போட்டி நாள் பட்டறை கல்யாண வீடாக இருந்தது. வாசலில் வாழைமரம். மற்ற நிலையங்களிலிருந்து வந்த பையன்கள், ஆசிரியர்கள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட நடுவர்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் கூட்டம் நெருக்கியடித்தது. சத்தம் போடக் கூடாது என்று நடுவர் சொல்லியிருந்தார். அருளப்பன் வாயை மூடிக்கொண்டு கால் கட்டைவிரலில் நின்றார்.

இரும்புத் தண்டைப் படிக்கட்டு மாதிரி படி படியாகக் கடைந்து, கடைசியில் திருகு மரை வெட்ட வேண்டும். அதுதான் வேலை. சுயம்பு ஆரம்பத்திலேயே முந்திக்கொண்டான். சுருள் சுருளாக இரும்புச் சீவல் அவன் காலடியில் விழுந்தது. மற்றவர்கள் படி கடைந்துகொண்டிருக்கும்போதே அவன் மரைக்கு வந்துவிட்டான். முதல் வெட்டு. இரண்டாவது. அருளப்பன் பக்கத்தில் நின்ற ஜெபசிங்கின் தோளை இறுக்கிப் பிடித்தார். "முடிச்சிருவான்ல! முடிச்சிருவான்!"

கடைசி வெட்டுக்கு மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. சுயம்புவின் கை கைப்பிடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. பிடிக்கவில்லை. முகமெல்லாம் வேர்வை. கண்ணைச் சுருக்கினான், மறுபடி திறந்தான். குனிந்தான். சட்டைக் கை சுழல்கிற இரும்புக்கு மிக அருகே போனது. கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அருளப்பன் கவனித்தார்.

சுயம்பு நிமிர்ந்தான். கூட்டத்தில் தேடி, அருளப்பனைக் கண்டுபிடித்துப் பார்த்தான். பிறகு கையைத் தூக்கிச் சிவப்பின் மேல் அடித்தான்.

லேத் நின்றது.

நடுவர் விரைந்து வந்தார். "என்னாச்சு? மெஷின் கோளாறா?"

"இல்ல சார்."

"கை பட்டுருச்சா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏம்ப்பா நிறுத்தின? ஒரு வெட்டுதான் பாக்கி. ஏன் நிறுத்தின?"

சுயம்பு தலையைக் குனிந்துகொண்டான். பட்டறையே அவனைப் பார்த்தது. முதல்வர் பல்லைக் கடித்துக்கொண்டு, போடு போடு என்று கையால் சாடை காட்டினார்.

அருளப்பன் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினார். பையனுக்கும் நடுவருக்கும் நடுவில் போய் நின்றார்.

"சார், எங்க பட்டறையில அதைக் கேக்கிறதில்ல."

"எதை?"

"ஏன் நிறுத்தினன்னு."

நடுவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப இவன் விலகிட்டான்னு எடுத்துக்கவா?"

அருளப்பன் திரும்பி செல்லக்கனியைப் பார்க்க நினைத்தார். பார்க்கவில்லை.

"எடுத்துக்கோங்க சார்."

சுயம்புவின் தோளில் கைபோட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே நடந்தார்.

உள்ளே யாரோ ஜெயித்தார்கள். கைதட்டல் கேட்டது. பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அருளப்பன் கேட்கவில்லை. இந்தத் தடவை நாக்கைக் கடிக்க வேண்டியிருக்கவில்லை.

"மரை எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சுது சார்" என்றான் சுயம்பு. "எது நெசம்னு தெரியல."

பிறகு தானே சொன்னான். தார் சுமந்து முதுகு வலித்தபோது சந்தையில் ஒருவன் கொடுத்த மாத்திரை. முதலில் வலிக்காகத்தான். பின்னால் வலி இல்லாத நாளிலும் வேண்டியிருந்தது. போடாவிட்டால் கை நடுங்கும். கை நடுங்கினால் லேத் போய்விடும் என்று பயம். இன்று போட்டி என்பதால் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போட்டிருந்தான்.

"கப்பை வாங்கிட்டு விட்டுருவோம்னு நெனச்சிருந்தேன் சார். மேடம் கேக்கும்போதெல்லாம் சொல்லிரணும்னு வரும். நீங்கல்லாம் என்னைத் தங்கம் தங்கம்னு சொன்னீங்களா… வாய் வரல."

அருளப்பனுக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, "வால, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அம்மாவைக் கூப்பிடுவோம்" என்றார்.

அரசு ஆஸ்பத்திரியில் போதை மீட்புக்கென்று ஒரு பிரிவு இருந்தது. அவன் அம்மா பாக்கியத்தாய் சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். டாக்டர் திட்டவில்லை. "தானா வந்திருக்கான்மா. அதுவே பெரிய விஷயம்" என்றார். தானாகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, மருந்தோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று விளக்கினார். அருளப்பன் தன் போன் நம்பரைப் பையனிடம் கொடுத்து, "எப்பத் தோணினாலும் அடி" என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல்வர் காத்திருந்தார். கோப்பை போன எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

"அந்தப் பையன் பேரை எடுத்துருவோம். மத்தவனுக்கு ஒரு பாடமா இருக்கும். குழுத் தலைவர் நீங்கதான், சொல்லுங்க."

செல்லக்கனியும் அங்கே இருந்தார். அவர் அருளப்பனையே பார்த்தார்.

"சார்" என்றார் அருளப்பன். விறைப்பாக நின்றார். "அவன் கையைக் காப்பாத்திக்கிட்டான். கப்பைவிட அது பெருசுன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. இன்னைக்கு அவனை வெளிய அனுப்பினா, நாளைக்கு எவன் சார் சிவப்பை அமுக்குவான்?"

முதல்வர் மின்விசிறியைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். "சரி, குணமாகி வரட்டும்" என்றார் கடைசியில்.

அடுத்த நாள் காலை லேத்துகள் ஓட ஆரம்பித்ததும் ஒரு பொத்தான் அமுங்கியது. பிறகு இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. இரண்டாமாண்டுப் பையன்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் வெளியே போனார்கள். அருளப்பன் கண்ணை விரித்துக்கொண்டு செல்லக்கனியிடம் ஓடி வந்தார். சந்தோஷமா பதற்றமா என்று அவருக்கே தெரியவில்லை.

"டீச்சர்! வந்துட்டானுவ!"

"ஓடாதீங்க சார். மெதுவாப் போயி உக்காருங்க."

அந்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி அருளப்பனுக்கு மனப்பாடமானது. பஸ் ஸ்டாப்பில் மாத்திரை விற்றவனைப் போலீஸ் பிடித்ததாகச் செய்தி வந்தது. வாலிபால் வலை ஒன்று போதாமல் இன்னொன்று கட்டினார்கள். சுயம்பு ஒருநாள் மெலிந்துபோய், ஆனால் தெளிந்த கண்ணோடு, பட்டறை வாசலில் வந்து நின்றான். பையன்கள் அவனைத் தூக்கிவிட்டார்கள். செல்லக்கனி ஓர் இரும்புத் துண்டை அவன் கையில் கொடுத்தார். "படி கடைஞ்சு காட்டு. மரை பெறகு பாப்போம்." அவன் கடைந்தான். அழகாக வரவில்லை. யாரும் கூடித் தொட்டுப் பார்க்கவில்லை. அவன் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று பையன்கள் போன பிறகு அருளப்பன் நிலைகொள்ளாமல் பட்டறையில் அங்குமிங்கும் நடந்தார்.

"டீச்சர், சுயம்பு தெனமும் சாயங்காலம் எனக்குப் போன் பண்ணுதான். 'சும்மாதான் சார் கூப்பிட்டேன்'ங்கான். வேற ஒண்ணும் பேச மாட்டேங்கான். நானும் 'சரில'ன்னு வச்சிருதேன். என் வீட்டுக்காரி சிரிக்கா. என்ன பேச்சு இதுன்னு கேக்கா."

செல்லக்கனியும் சிரித்தார்.

அருளப்பன் நின்றார். சிரிப்பு மெல்ல வடிந்தது.

"ஒரு கேள்வி டீச்சர். டாக்டர் சொன்னாரு, சிலபேரு மறுபடியும் தொட்டுருவாங்களாம். நல்லாத்தான் இருப்பாங்களாம், திடீர்னு தொட்டுருவாங்களாம். இவ்வளவும் பண்ணி, இவனும் அப்படி விழுந்துட்டான்னா?"

செல்லக்கனி லேத்தின் மேல் படிந்திருந்த சீவலைப் பிரஷால் தள்ளினார். விளக்கை அணைத்தார். வாசல்வரை வந்த பிறகு சொன்னார்:

"அன்னைக்கும் போனை எடுங்க சார்."